காலிச் சேனல்

கால்பந்துக் கோப்பைக்கான கடைசி ஆட்டம் நடக்கிற சாயங்காலமாகப் பார்த்துத்தான் குருவியின் பெட்டியைச் சோதிக்க அதிகாரி வந்தார். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சோதித்தால்தானே படம் உடைகிறதா இல்லையா என்று தெரியும். அந்த அளவுக்கு அவர்களுக்குப் புத்தி இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

குருவி எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சின்ன வயசிலிருந்தே கூரை, கம்பம், தண்ணீர்த் தொட்டி என்று எதையாவது பிடித்து ஏறி உட்கார்ந்திருப்பாள். அதனால் அந்தப் பெயர். அவள் அப்பாவுக்கு மலை மேல் இருக்கிற டிவி டவரில் வேலை. டவர்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அம்மா தையல். முன்னறையில் இரண்டு மெஷின், தரை முழுக்கத் துணித் துண்டும் நூல் பிசிறும். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போனவன் காலில் ஊசி ஏறாமல் திரும்பி வந்தால் அது அவன் அதிர்ஷ்டம்.

மூன்று பேர்தான் அந்த வீட்டில். ஆனால் ஒரு மாதமாக அப்பாவும் மகளும் பேச்சில்லை.

காரணம் அந்தப் பெட்டி. என்ன சமாச்சாரம் என்று நான் ஒரு நாள் கேட்டேன். நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன். காற்றில் வருகிற எதையும் நம்பிப் பழக்கமில்லை.

"பெரியப்பா, டிவிக்காரங்களுக்குன்னு காத்துல வரிசையா சேனல் ஒதுக்கி வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் எல்லா ஊர்லயும் அவங்க உபயோகிக்கிறதில்ல. நம்ம பக்கம் ரெண்டு சேனல் சும்மா கிடக்கு. அதுல நான் இன்டர்நெட்ட அனுப்பறேன். அதுக்கு லைசென்ஸ் வேணாம். யாருக்கும் தொந்தரவு இல்லன்னு காட்டினாப் போதும்."

"சும்மா கிடக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

"பெட்டியே கேட்டுக்கும். ஆன் பண்ணினதும் அரசாங்கக் கம்ப்யூட்டர்கிட்ட, நான் இன்ன இடத்துல இருக்கேன், இங்க எது காலின்னு கேக்கும். அது சொன்னாத்தான் வாயத் திறக்கும்."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னா?"

"டிவிக்காரங்கதான்."

"அவங்க சொல்லாம விட்டிருந்தா?"

"உங்ககிட்ட பேசினா எனக்கு ராத்திரி தூக்கம் வராது, போங்க."

பஸ்ஸில் காலி சீட் என்று உட்காரப் போனால் எவனோ ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு வைத்திருப்பான். என் அனுபவம் அதுதான். ஆனால் அவள் ஆசையும் எனக்குப் புரியாமல் இல்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுகளுக்கு எந்தக் கம்பெனியும் வயர் இழுக்கவில்லை. அங்கே பிள்ளைகள் பாடம் படிக்கப் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் பெரிய டாக்டருக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்ப வேண்டுமென்றால் பஸ் ஏறி ஊருக்குள் வருவாள். டிவி அலை மரத்துக்குள்ளும் சுவருக்குள்ளும் புகுந்து போகிற அலை. அதில் அனுப்பினால் அவர்களுக்கும் கிடைக்கும் என்று குருவி இரண்டு வருஷமாக ராப்பகலாகக் கிடந்தாள்.

டிவி நிலையம் சும்மா இருக்குமா? பெட்டி வந்தால் உங்கள் படம் உடையும் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியது. நிலையத்து ஆட்கள் எல்லாரும் பெட்டியை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். டவர்காரரும் போட்டார். அன்றைக்கு நின்றது பேச்சு.

சோதனை நாள் மத்தியானம் நான் அங்கே போனபோது சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

"அம்மா, படத்தக் காப்பாத்தறவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வேணுமான்னு கேளு" என்றாள் குருவி.

"போடச் சொல்லு. எதிர்த்து நிக்கத் தெம்பு வேணும்ல" என்றார் டவர்காரர், தட்டைப் பார்த்தபடி.

தையலம்மா கரண்டியை ணங்கென்று வைத்தாள். "ரெண்டு பேரும் கை நீட்டினா தொட்டுக்கலாம். நடுவுல என்னை ஒரு டவரா நட்டு வெச்சிருக்கீங்க. அண்ணே, நீங்களே சொல்லுங்க, எனக்குச் சம்பளம் யாரு குடுப்பா?"

"எனக்கு நிலையத்து மேலயும் நம்பிக்கை இல்ல, பெட்டி மேலயும் நம்பிக்கை இல்ல. என்னைக் கேக்காத" என்றேன்.

"இன்னிக்கு ஒரே ஒரு வீட்டுல படம் உடைஞ்சாலும் பெட்டிய இறக்கிடணும் பெரியப்பா. மறுபடி கேக்கவே முடியாது" என்றாள் குருவி. அதை எனக்குச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வேன் வந்து நின்றது. அதன் முதுகிலிருந்து ஒரு கம்பம் தானாக நீண்டு மேலே போயிற்று. அளவெடுக்கிற அதிகாரி ஒல்லியான ஆள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பாதி. நிலைய மேனேஜரும் காரில் வந்து இறங்கினார். அவர் முகத்தில் ஜெயித்துவிட்ட களை இப்போதே வந்திருந்தது. முடிவெட்டுகிற கடை, டீக்கடை, என் வீடு என்று தெருவில் எல்லா டிவியும் வாசலுக்கு வந்துவிட்டன. குருவி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"போடும்மா" என்றார் அதிகாரி.

போட்டாள். நான் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உடைய வேண்டும் என்று நினைத்தேனா, உடையக் கூடாது என்று நினைத்தேனா, எனக்கே தெரியாது. பந்து ஓடியது, ஆட்கள் ஓடினார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

தையலம்மாவின் போன் அடித்தது. தோப்புக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ். தையலம்மா போனைத் தூக்கி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அக்கா, பெரிய டாக்டர் மூஞ்சி இப்பதான் எனக்குத் தெரியுது. இவ்வளவு நாளு கொரகொரன்னு சத்தம் மட்டுந்தான். ஆளுக்கு மீசை இருக்கு அக்கா."

தெருவே சிரித்தது. டீக்கடைக்காரன் குருவிக்கு ஒரு டீயைத் தொட்டி மேலேயே கயிற்றில் கட்டி ஏற்றிவிட்டான். தையலம்மா மெஷினை மூடிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வேலை நாளில் அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குக்கூட உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அப்போதுதான் கோழியம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். ஊருக்கு வடக்கே ஒரு பெரிய பாறை. அதற்குப் பின்னால் அவள் கோழிப் பண்ணையும் ஏழெட்டு வீடுகளும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினாள்.

"யாரு இங்க என்னத்தப் போட்டது? எங்க பக்கம் படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடுச்சு. பந்து எங்க இருக்குன்னே தெரியல, ஆட்டக்காரனுக்குத் தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்."

மேனேஜர் பாய்ந்து வந்தார். "பாத்தீங்களா சார். நான் சொன்னேனா இல்லையா. எழுதிக்குங்க."

அதிகாரி தன் திரையைத் தட்டிப் பார்த்தார். "அந்தப் பாறைக்குப் பின்னால எந்த நிலையமும் இல்லையே. நீங்க எந்த டவர்ல பாக்கறீங்கம்மா?"

"டவரப் பத்தி எனக்கென்ன தெரியும்? ஆன்டெனாவப் பாறையப் பாத்து வெச்சா படம் வரும். இவ்வளவு வருஷமா வந்துச்சு, இப்ப வரல."

தொட்டி மேலிருந்து குருவி குனிந்தாள்.  "சார், என்னன்னு பாத்துச் சரி பண்றேன். கொஞ்சம் டைம் குடுங்க."

"ஆட்டம் முடியறதுக்குள்ள" என்றார் அதிகாரி.

என் தோளை யாரோ தொட்டார்கள். டவர்காரர். ஆள் வேர்த்துக் கொட்டியிருந்தார்.

"அண்ணே, உங்க குட்டி யானை ஓடுமா?"

"ஓடும். எங்க?"

"பாறைக்குப் பின்னால. கேக்காதீங்க, எடுங்க."

நான் கேட்கவில்லை. சின்ன லோடு வண்டியானாலும் அன்றைக்கு அது லாரி மாதிரி ஓடியது. மேட்டில் ஏறும்போது அவர் காலாலேயே தரையை அழுத்தினார், ஆக்ஸிலேட்டர் அவர் பக்கம் இருக்கிற மாதிரி.

பண்ணைக் கொட்டகையில் தீவன மூட்டைகளை இழுத்துத் தள்ளினார். பின்னால் ஒரு தகரப் பெட்டி. சூடாக இருந்தது, உள்ளே உம்மென்று சத்தம். அதிலிருந்து ஒரு வயர் சுவர் ஏறிப் பாறை உச்சிக்குப் போனது. அங்கே ஒரு கம்பத்தில் இரண்டு ஆன்டெனா. ஒன்று மலையைப் பார்த்து, ஒன்று வீடுகளைப் பார்த்து. கோழிகள் எங்களைப் பார்த்துக் கூச்சல் போட்டன.

"என்னய்யா இது?"

"ரிலே. பாறை மறைக்குதுல்ல, இந்தப் பக்கம் டவர்ப் படம் வராது. ஏழெட்டு வீட்டுக்காக ஒண்ணும் செய்ய முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. டவர்ல கழிச்சுப் போட்ட சாமானை வெச்சு நானே செஞ்சேன். மேல படத்தப் புடிச்சு, காலியாக் கிடந்த ஒரு சேனல்ல இந்தப் பக்கம் ஊதி விடும்."

"ஆபீஸுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இன்னும் வேலைல இருப்பேனா?"

"வீட்டுல?"

"அவகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. கோழியம்மாகிட்டகூட இது ஆன்டெனாவுக்குக் கரண்ட் குடுக்கற பெட்டின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்கு விளங்கிவிட்டது. அரசாங்கக் கம்ப்யூட்டருக்கு இந்தத் தகரப் பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காலி என்று அது சொன்ன இடத்தில் போய் மகள் உட்கார்ந்தாள். அங்கே அப்பன் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருக்கிறார்.

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "இன்னொரு சேனலும் காலிதான். நான் அதுக்கு நகந்துட்டா அவளுக்கும் வழி, இவங்களுக்கும் படம். ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். பக்கத்து வீட்டிலிருந்து கூச்சல். "வந்துருச்சு, வந்துருச்சு. டவர் மாமா, டிவில தேடினா வேற நம்பர்ல வந்துருச்சு." அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐம்பத்தெட்டு வயசு ஆள், பரீட்சையில் பாசான மாதிரி. நானும் சிரித்துவிட்டேன்.

சிரித்து வாயை மூடுவதற்குள் அதே வீட்டிலிருந்து, "ஐயோ, மறுபடியும் போச்சு."

அவர் பெட்டியைத் தட்டினார், வயரை ஆட்டினார். போன் அடித்தது. தையலம்மா.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? உங்க மக வேற சேனலுக்கு மாத்திட்டா. அப்பவும் பாறைக்குப் பின்னால உடையுதுன்னு கோழியம்மாவுக்குப் போன் மேல போன் வருது. மேனேஜர் ஆடறான், அவ தொட்டி மேல உக்காந்து அழறா."

"எப்ப மாத்தினா?"

"இப்பதான், ரெண்டு நிமிஷம் இருக்கும்."

அவர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். குறுகின சந்தில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் வழிவிட ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அதேதான். இந்த ஊருக்குக் காலியாக இருந்ததே இரண்டு சேனல். அவள் அவருக்கு வழிவிட்டாள், யார் என்று தெரியாமல். அவர் அவளுக்கு வழிவிட்டார், தெரிந்தே.

"மறுபடி பழைய சேனலுக்கே திருப்பு" என்றேன்.

"அவளும் திருப்புவா அண்ணே. என் ரத்தம்ல."

"அப்ப இதை அணைச்சுட்டு வா, போலாம்."

"அணைச்சா இவங்களுக்குப் படமே வராது. பெட்டிதான் கொன்னுடுச்சுன்னு மேனேஜர் சொல்வான். அவளுக்குத்தான் போகும்."

"அதுக்காக ஆபீஸ்காரங்கிட்ட உண்மையச் சொல்வியா? அவனுங்க உன்னைத் தொலைச்சுடுவானுங்க. பென்ஷன் வாங்கற நேரத்துல உனக்கு ஏன் இது?" நான் மனசில் பட்டதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. போனில் பேசினார்.

"இந்தா, உன் மககிட்ட ஒண்ணு சொல்லு. பாறைக்குப் பின்னால..."

"நிறுத்துங்க" என்றாள் தையலம்மா. எனக்கே கேட்டது. "ஒரு மாசமா உங்களுக்கு நடுவுல கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. என்னமோ பெருசாச் சொல்லப் போறீங்கன்னு குரல்லயே தெரியுது. நீங்களே சொல்லுங்க. இந்தாடி, புடி. கயித்துல ஏத்தறேன்."

போன் தொட்டி மேல் ஏறுகிற வரைக்கும் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். 

"குருவி."

அவர் மூட்டையிலிருந்து எழுந்து நின்றார்.

"பாறைக்குப் பின்னால சின்னதா ஒரு ரிலே வெச்சிருக்கேன். லிஸ்ட்ல இருக்காது. அதைத்தான் நீ இடிக்கற. இப்ப நான் மாத்தினேன், நீயும் மாத்திட்ட."



"அப்பா" என்றாள். "ஏன் சொல்லல?"

"நீதான் பேசவே இல்லியே."

"நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களே."

"போட்டேன். பெட்டி வந்தா என்னோடது மாட்டிக்கும்னு பயந்துதான் போட்டேன். இப்ப அந்த அதிகாரிகிட்ட போனைக் குடு."

அதிகாரி வேனோடு வந்தார். பின்னாலேயே மேனேஜர் கார், ஸ்கூட்டரில் கோழியம்மா, அவள் பின்னால் தையலம்மா, மடியில் குருவியின் இன்னொரு பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. குருவி தன் வண்டியில் எல்லாரையும் முந்தி வந்து சேர்ந்தாள். அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்றார்கள்.  அவள் குனிந்து தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ஃபேன் கூட வெக்காம எப்படிப்பா ஓடுது?"

"கோழிக்கு வெச்ச ஃபேன் காத்து இதுக்கும் வரும்."

அதிகாரி தகரப் பெட்டியை அளந்தார். பிறகு, "இதை இப்பவே நிறுத்தணும். எடுத்துட்டும் போகணும். நீங்க விசாரணைக்கு வரணும்" என்றார்.

"வர்றேன் சார்."

"அப்ப இவ பெட்டியும் ஃபெயிலுதானே" என்றார் மேனேஜர். "சோதனைல படம் உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சது உங்க படமா சார்?"

"எங்க படம்தானே ஓடிச்சு."

"இந்த ரிலே உங்களோடதுன்னு சொல்றீங்களா? அப்படின்னா லைசென்ஸ் இல்லாம ஏன் வெச்சீங்கன்னு உங்களத்தான் கேக்கணும்."

மேனேஜர் தகரப் பெட்டியை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

"லிஸ்ட்ல இருக்கற எந்த நிலையத்தையும் இந்தப் பொண்ணு தொடல. அப்படித்தான் நான் எழுதுவேன்" என்றார் அதிகாரி. ஓர் அதிகாரி அவ்வளவு நீளமாக ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. தையலம்மா மகளைப் பிடித்து உலுக்கினாள். குருவி சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

மேனேஜருக்கு மிச்சமிருந்தது டவர்காரர்தான். "டவர் சாவியக் குடுங்க. நாளைலேர்ந்து வர வேணாம்."

டவர்காரர் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். வளையம் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பி நெம்பிப் பார்த்தார்.

"பாத்துக் குடுங்க" என்றாள் தையலம்மா. "அவசரத்துல வீட்டுச் சாவியையும் சேத்துக் குடுத்துடாதீங்க. நாளைலேர்ந்து பட்டன் தெக்க ஆள் வேணும் எனக்கு."

அதிகாரி தகரப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். உம்மென்ற சத்தம் நின்றது. ஏழெட்டு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் முனகல் எழுந்தது. கோழியம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"சட்டமெல்லாம் சரி சார். ஆட்டம் சமமா நிக்குது, கூடுதல் நேரம் குடுத்திருக்கான். நாங்க எப்படிப் பாக்கறது?"

"எங்கிட்ட இன்னொரு பெட்டி இருக்கு. கம்பம் ரெடியா இருக்கு, இன்டர்நெட்லயே ஆட்டத்தப் பாக்கலாம்" என்றாள் குருவி. அதிகாரி பக்கம் திரும்பினாள். "சார், ரிலே போயிடுச்சு. இப்ப ரெண்டு சேனலும் நிஜமாவே காலி. பாறை உச்சிலேர்ந்து தண்ணித் தொட்டி நேரா தெரியும்."

"சோதனை நேரம் இன்னும் முடியல" என்றார் அவர். அந்த ஆளின் அகராதியில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நடந்தது ஓட்டம்தான். குருவி பாறையில் ஏறினாள், பின்னாலேயே அவள் அப்பா. எனக்கு மூட்டு வலி, பாதியில் நின்று வயரை மேலே தள்ளினேன். கீழே கோழியம்மா டிவியைக் கொட்டகை வாசலுக்கு இழுத்து வந்தாள். வீட்டு ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"ஒன்பதாம் நம்பர் ஸ்பேனர்" என்று மகள் கையை நீட்டினாள். கேட்பதற்கு முன்னாலேயே அவர் நீட்டியிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பும்மா."

"இதுக்கு இவ்வளவு போதும்பா."

"காத்தடிச்சா ஆடும். நான் இருபது வருஷமா இந்தக் கம்பத்தப் பாக்கறேன். இறுக்கு."

இறுக்கினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கீழே டிவியில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு, உடையாமல், நூல் பிசிறுகூட இல்லாமல், மைதானம்.

"எந்த ஆப்ல பாக்கறாங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"உங்களோடதுதான் சார்" என்றாள் குருவி, பாறையிலிருந்து.

அவர் ஓரமாகத் திரும்பித் தன் போனை எடுத்துப் பார்த்தார். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். மறுபடி உள்ளே வைத்தவர் காருக்குப் போகாமல் கூட்டத்தோடு நின்றுவிட்டார்.

நம் பக்கத்துக்குப் பெனால்டி. ஆட்டக்காரன் குனிந்து பந்தைப் புள்ளியில் வைத்தான். அப்போது பாறைக்கு அந்தப் பக்கம், ஊருக்குள்ளிருந்து, ஒரு பெரிய சத்தம் கிளம்பி வந்தது.

எங்கள் டிவியில் அவன் இன்னும் பந்தை வைத்துக்கொண்டிருக்கிறான்.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"என்னது அது?" என்றேன். "இதுக்குத்தான் நான் இதையெல்லாம் நம்பறதில்ல."

"நெட்டுப் படம் ஊரெல்லாம் சுத்தி வரும் பெரியப்பா. டவர் படத்த விடக் கொஞ்சம் லேட்டு. அங்க முடிஞ்சுடுச்சு."

உடனே எல்லாத் தலையும் டவர்காரர் பக்கம் திரும்பியது. மலையில் தனியாக உட்கார்ந்து இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சத்தத்தைக் கேட்டவர். கோல் விழுந்தால் எப்படிக் கத்தும், தவறினால் எப்படிக் கத்தும் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"டவர் மாமா, கோலா?" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"வாயத் திறந்தீங்க, கோழியோட கோழியா உள்ள போட்டு அடைச்சுடுவேன்" என்றாள் கோழியம்மா.

"வாயத் திறக்கலேன்னாலும் அவர் மூஞ்சிலயே தெரியும்" என்றாள் தையலம்மா. "முப்பது வருஷமாப் பாக்கறேன்."

"அப்பா, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

அவர் திரும்பிக்கொண்டார். உச்சியில், கம்பத்தை ஒரு கையால் பிடித்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தோள் இரண்டும் குலுங்கின.  திரையில் அந்த ஆட்டக்காரன் நிதானமாகப் பின்னால் நடந்து, நின்று, ஓடிவரத் தொடங்கினான்.